பௌர்ணமியன்று யாரும் புகார் சொல்வதில்லை

போன மாதம் எங்கள் திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் ஒரு புகார் கொடுக்கப் போய், டீக்கடைக்குப் பத்து ரூபாய் அனுப்பிவிட்டு வந்தேன்.

நடந்தது இதுதான். பிளாட்பாரக் குழாயில் தண்ணீர் வரவில்லை. 'உங்கள் கருத்தைச் சொல்ல ஸ்கேன் செய்யுங்கள்' என்று தூணில் ஒரு பலகை இருந்தது. பலகைக்குக் கீழே ஒன்றல்ல, இரண்டு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. செல்போனைக் காட்டினேன். எவ்வளவு தொகை என்று கேட்டது. இப்போது எல்லாவற்றுக்கும் கட்டணம்தானே, புகாருக்கும் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, ஒரு குழாய்க்கு நியாயமான தொகையாகப் பத்து ரூபாய் போட்டேன். பக்கத்து டீக்கடையிலிருந்த ஒரு பெட்டி, பத்து ரூபாய் வந்து சேர்ந்ததாக ஊருக்கே அறிவித்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "சக்கர கம்மியா, ஜாஸ்தியா சார்?" என்றார்.

பயணிகளின் கருத்தைக் கேட்டு, தொகுத்து, மேலே அனுப்பியே பாதி சர்வீஸை ஓட்டியவன் நான். ரயில்வே வணிகப் பிரிவில் ஆய்வாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவன். என் பிழைப்பே அந்தத் தூணில்தான் ஒட்டியிருக்கிறது. அதையே எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்வேன். புகார் கொடுத்தவனுக்குக் கைமேல் ஏதாவது கிடைத்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். டீயும் நன்றாகவே இருந்தது.

இதையெல்லாம் டிக்கெட் கவுன்ட்டருக்குள்ளிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பவித்ரா வெளியே வந்தாள். என் பழைய வேலையை இப்போது பார்க்கிறவள். "சார், நம்ம ஸ்டேஷன் மார்க் கம்மியாயிடுச்சுனு மேல கேக்குறாங்க. நீங்க இருந்தப்ப எப்பவும் டாப்ல இருக்குமாமே. எப்படி சார் ஏத்துனீங்க? எங்களுக்கு வந்து ஒரு கிளாஸ் எடுங்களேன்."

கிளாஸ் எடுக்க மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். வாரப் பத்திரிகைகளில் அவ்வப்போது நகைச்சுவை எழுதுகிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. என்னைப் படித்தவர்கள் பலர், வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார்கள்.

ஆக, பவித்ரா, மார்க்கை எப்படி ஏற்றினேன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு, தயவுசெய்து ஏற்றாதே.

பயிற்சிக் காலத்தில் டிக்கெட் கொடுப்பது, கணக்கு முடிப்பது, சில்லறை இல்லை என்பதை மரியாதையாகச் சொல்வது ஆகியவற்றைக் கற்றுத் தந்தார்கள். புகார் புத்தகத்துக்கு மட்டும் தனிப் பாடம் இருந்தது. எழுத வருகிறவரை முதலில் உட்கார வைக்க வேண்டும். மின்விசிறியைப் போட வேண்டும். தண்ணீர் கொடுத்து, சொந்த ஊர் எது என்று கேட்க வேண்டும். அதன்பிறகு புத்தகத்தைத் தேட வேண்டும். அவசரப்படாமல் தேட வேண்டும். கார்பன் தாளைச் செருகிக் கையில் கொடுப்பதற்குள் அவருக்குக் கோபம் ஆறிவிடும், இல்லாவிட்டால் வண்டி வந்துவிடும். "ரெண்டுல எது வந்தாலும் நமக்கு லாபம்" என்பார் பாடம் எடுத்தவர்.

பிறகு காலம் மாறியது. அவர்கள் வரும்வரை காத்திருக்காதே, நீயே தேடிப் போய்க் கேள் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். அந்தக் காலத்து ராஜாக்கள் மாறுவேடத்தில் நகர்வலம் போய்க் குடிகளின் மனத்தை அறிந்தார்களாம். எங்களுக்கு மாறுவேடம் தரவில்லை. வெள்ளைச் சட்டையும் மார்பில் பெயர்ப் பட்டையும் ஒரு கட்டுக் காகிதமும் தந்தார்கள். காகிதத்தில் சுத்தம், குடிதண்ணீர், கழிப்பறை, ஊழியர் நடத்தை என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று முகங்கள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். பயணி தொட்டுக் காட்டுகிற முகத்தில் நாங்கள் டிக் அடிக்க வேண்டும்.

அப்போது எனக்கு மேலே இருந்த அதிகாரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெயர் வேண்டாம், எங்கேயோ நன்றாக இருக்கிறார், இருக்கட்டும். அவர் கத்த மாட்டார். யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. எதைச் சொன்னாலும் "எக்ஸலண்ட்" என்பார். கூரை ஒழுகுகிறது என்றாலும் எக்ஸலண்ட்தான், அதற்குப் பிறகு, "வேற என்ன நல்ல விஷயம்?" என்று கேட்பார். மேஜைமேல் கண்ணாடிக் குண்டு ஒன்று வைத்திருந்தார். பிடிக்காத காகிதம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் குண்டை எடுத்து அதன்மேல் வைப்பார். அவ்வளவுதான். அதன்பிறகு அந்தக் காகிதம் காற்றுக்கும் அசையாது, கேள்விக்கும் அசையாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர்ப் பிரமுகர்களை அழைத்துக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவது எங்கள் கடமைகளில் ஒன்று. அதற்கு அவர் கண்டுபிடித்த முறை, முதலில் போண்டா, பிறகு கேள்வி. சூடான போண்டாவை வாயில் வைத்திருக்கிற மனிதனால் குறை சொல்ல முடியாது. தலையை மட்டும்தான் ஆட்ட முடியும். தலையாட்டியதாக நாங்கள் எழுதிக்கொள்வோம். வருகிறவர்களும் வழக்கமான ஆட்கள்: வியாபாரிகள் சங்கத்துக்காரர், ஒரு லாட்ஜ் முதலாளி, சேவை அமைப்பிலிருந்து ஒருவர். எல்லாரும் காரில் வந்து காரில் போகிறவர்கள். மெட்ராஸுக்கு ஒரு நல்ல ரயில் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். வந்தால் ஏறுவீர்களா என்று நான் ஒருமுறை கேட்டேன். அடுத்த கூட்டத்தில் என்னைப் போண்டாவுக்குப் பொறுப்பாக்கினார்கள்.

பயணிகளிடம் கேட்பதற்கும் அதிகாரி ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். "ஆள் ஜாஸ்தி கிடைக்கிற நாள்ல எடுங்க. பௌர்ணமிதான் பெஸ்ட்."

வெளியூர்க்காரர் அவர், அவருக்குத் தெரியாது. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கும் தெரியாமல் போனதுதான் அதிசயம். கிரிவலம் முடித்துவிட்டுக் காலை வண்டிக்காகப் பிளாட்பாரம் முழுக்க உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த ஜனங்களிடம் போய், எது சரியில்லை என்று கேட்டேன். ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்பா, சாமியச் சுத்திட்டு வந்து உக்காந்திருக்கேன். இந்த வாயால அது இல்ல, இது இல்லனு சொன்னா சுத்துனதெல்லாம் போயிடாதா? எல்லாத்துலயும் சிரிக்கிற மூஞ்சியே போட்டுக்க."

"குழாயில தண்ணி வருதாம்மா?"

"வரல. அவன் குடுப்பான்."

"யாரு, ஸ்டேஷன் மாஸ்டரா?"

"நல்லா கேட்ட போ. அண்ணாமலையார்ப்பா!"

அப்படியாகக் குழாயில் தண்ணீர் வராமலே குடிதண்ணீருக்கு முழு மார்க் வாங்கினோம். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நாங்கள் மாதாமாதம் சிரித்துக்கொண்டே இருந்ததால், குழாய் ரிப்பேருக்கு வந்த ஆட்கள் அழுத முகம் வாங்கிய வேறு நிலையத்துக்குப் போனார்கள். எங்களுக்குச் சுவரில் மாட்ட ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. பவித்ரா, நீ பார்த்து ஏங்குகிற அந்த மார்க் இப்படி வந்ததுதான்.

இதுவரை சிரிக்கலாம். ஒரு பௌர்ணமிக்குக் காகிதத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்து வந்தது: விழுப்புரம் போகும் காலைப் பாசஞ்சர் ஒரு மணி நேரம் தள்ளிப் புறப்பட்டால் உங்களுக்கு வசதியா? லாட்ஜ் முதலாளிகள் கேட்டிருந்தார்கள். அதில் தப்பில்லை, அவர்கள் வாடிக்கையாளர் குளித்து இட்லி சாப்பிட்டு நிதானமாக வண்டி ஏறட்டும் என்கிற எண்ணம். மலையைச் சுற்றிக் களைத்தவர்களிடம் இன்னும் ஒரு மணி நேரம் உட்காரலாமா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கட்டுக் கட்டாகச் சிரித்த முகம்.

கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது பெஞ்சின் மறுமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னை இன்னும் கேக்கலியே சார்?"

காதர் பாய். தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருக்கிறவர். எனக்குக் கல்யாணமான காலத்திலிருந்து என் பேன்ட்டுகளின் இடுப்பை அவ்வப்போது விரித்துத் தருகிறவர்.

"இது கிரிவலம் வந்தவங்களுக்கு பாய்."

"நானும் வலம்தான் சார் வர்றேன். வாரத்துல மூணு வாட்டி, விழுப்புரத்துக்கு."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பாய்க்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். உள்ளூரில் இடம் காலியாகும்வரை, விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முதல் ஷிஃப்டில் ஒரு படுக்கை கிடைத்திருந்தது. நேரத்துக்கு ஆள் வராவிட்டால் அடுத்துக் காத்திருக்கிறவரை ஏற்றிவிடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, அவருக்கும் அதே ரத்தம்தான். காலைப் பாசஞ்சர் சரியாக அந்த நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. ஒரு மணி நேரம் தள்ளினால் படுக்கை போய்விடும்.

"பஸ் இருக்கே பாய்?"

"போறப்ப உடம்பெல்லாம் தண்ணி ஏறி, மூச்சு வாங்கும் சார். காலை பஸ்ல நெரிசல்ல நின்னா, விழுப்புரம் போறதுக்குள்ள மேலயே போயிடுவேன். அதுக்கு டிக்கெட்டும் தேவையில்ல."

இதை எழுதி அதிகாரியிடம் கொண்டுபோனேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஒருத்தருக்காக டைம்டேபிள் போட முடியுமா?" என்றார், மிகவும் இனிமையாக. அந்த வண்டியில் தினமும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள், காலேஜ் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருவரையும் நாம் கேட்கவில்லை என்றேன். "அவங்க யாரும் ஃபீட்பேக் தரலியே?" என்றார். கேட்கவில்லை, அதனால் தரவில்லை. தரவில்லை, அதனால் இல்லை. கண்ணாடிக் குண்டு என் காகிதத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது.

எனக்குப் பெரிய வீரமெல்லாம் கிடையாது. பல்லிக்கே வழிவிடுகிற ஜாதி நான். ஆனால் அன்றைக்கு அந்தக் குண்டைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, பாயின் மூச்சு அதன் அடியில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சார், இந்த வாட்டி கூட்டத்தை ஓடுற வண்டியிலேயே வச்சா போட்டோ நல்லா வரும்."

அவர் முகம் மலர்ந்தது. "எக்ஸலண்ட்."

அப்படித்தான் கருத்துக் கேட்புக் கூட்டம் காலைப் பாசஞ்சரின் மூன்றாவது பெட்டிக்கு வந்தது. அதிகாரி, போட்டோகிராபர், போண்டா அண்டாவோடு நான். பிரமுகர்களில் லாட்ஜ் முதலாளி மட்டும் துணிந்து வந்தார். டிக்கெட் எங்கே வாங்குவது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அதிகாரி வண்டி ஏறும் முன் என்னிடம் ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "டைம் மாத்துற விஷயத்தைப் பேச வேணாம். பொதுவா கேளுங்க."

வெள்ளைச் சட்டையும் பைலுமாக நாங்கள் ஏறியதைப் பார்த்ததும் பெட்டியில் பாதி எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது. டிக்கெட் செக்கிங் என்று நினைத்துவிட்டார்கள். மிச்சம் பேர் சீசன் டிக்கெட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். போட்டோகிராபர் அதைப் படம் எடுத்தார். பயணிகள் உற்சாகமாகக் கையசைத்து வரவேற்றதாக அது பிற்பாடு அச்சில் வந்தது.

அதிகாரி பொதுவாகக் கேட்டார். சுத்தம் எப்படி? "நல்லாருக்கு சார்." ஊழியர்கள் எப்படி? "தங்கமானவங்க சார்." அபராதம் போடாமல் விட்டால் போதும் என்கிற குரல்கள். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது.

ஜன்னலோரம் ஒரு பெண் போண்டாவைக் கையில் வாங்கி, தின்னாமல் வைத்திருந்தாள். சாந்தி, அடி அண்ணாமலை கிராமத்துக்காரி, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. "போண்டா எல்லாம் குடுத்து எதுக்கு சார் கேக்குறீங்க?" என்றாள். "எங்க ஊர்ல எலெக்‌ஷனுக்கு மட்டுந்தான் இப்படி கேப்பாங்க. இன்னா விஷயம், சொல்லுங்க."

 அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அண்டாவை இருக்கையில் வைத்தேன்.

"இந்த வண்டியை ஒரு மணி நேரம் தள்ளி விடலாம்னு இருக்காங்கம்மா. அதுக்குத்தான்."

 பெட்டியே எழுந்தது.

"ஒரு மணி நேரமா? ஆறு மாசம் கையக் கால புடிச்சு வாங்குன வேல சார்! லேட்டா போனா சூப்பர்வைசர் உள்ளயே விடமாட்டான்!"

"எங்களுக்கு பரீட்சை சார்!"

"யாரக் கேட்டு மாத்துறீங்க?"

"பௌர்ணமிக்கு வர்றவங்களக் கேட்டாங்களாம்," என்றேன், நான் கேட்கவே இல்லாததைப் போல.

"அவங்க மாசத்துல ஒருநாள் வர்றாங்க. நாங்க மிச்ச நாளெல்லாம் வர்றோம். எங்களைக் கேக்கணும்னு தோணலியா? சாமி என்ன, ரயில்வேக்கு மட்டும் தனியா வந்து சொல்லிச்சா?" என்றாள் சாந்தி. லாட்ஜ் முதலாளி வாயில் போண்டாவோடு தலையை ஆட்டினார். எதற்காக என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அடுத்த பெட்டிக்கு ஓடியவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே, அன்றும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்த காதர் பாய் மெல்ல எழுந்து அதிகாரியின் எதிரே வந்து உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டையின் இடது கையை மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறுபோலத் தடித்துப் புடைத்திருந்தது. மெஷின் ஊசி குத்துவதற்காக டாக்டர்கள் ஆபரேஷன் செய்து வைத்த இடம்.

"கை வைங்க சார்."

அதிகாரி பின்னால் சாய்ந்தார்.

"பயப்படாதீங்க. ஒட்டாது. வைங்க."

அவர் இரண்டு விரலை வைத்தார். நான் முன்பே வைத்துப் பார்த்திருக்கிறேன். தோலுக்கு அடியில் ரத்தம் அதிர்ந்துகொண்டே ஓடும். பாலத்தின்மேல் வண்டி போகும்போது தண்டவாளத்தில் கை வைத்ததுபோல இருக்கும்.

"ஓடுதா சார்? இதுவும் வண்டிதான். இதுக்கும் டைம் இருக்கு. இதை ஒரு மணி நேரம் தள்ளச் சொல்லி நான் யாருகிட்ட எழுதிக் குடுக்குறது?"

அதிகாரி விரலை எடுத்தார். எக்ஸலண்ட் என்று சொல்லவில்லை.  விழுப்புரத்தில் இறங்கியதும், காத்திருந்த காரில் நாங்கள் ஊர் திரும்பினோம். வழியில் ஒரே ஒரு முறை, கைக்குட்டையை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்காமல் அந்த இரண்டு விரல்களைப் பார்த்துவிட்டு, மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

வண்டி நேரம் மாறவில்லை. திட்டம் நிர்வாகக் காரணங்களால் கைவிடப்படுகிறது என்று ஒரு வரி வந்தது. எனக்கும் வந்தது: கூட்டத்தின் பொருளைப் பயணிகளிடம் வெளியிட்டது ஏன் என்று விளக்கம் கேட்டு. கருத்துக் கேட்கப் போன இடத்தில், எதைப் பற்றிய கருத்து என்று சொன்னது குற்றமானால், செய்தேன், மறுபடியும் செய்வேன் என்று பதில் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதியதில் திருத்த வேண்டாத ஒரே வாக்கியம் அதுதான். பத்திரிகைகள் மாதிரி அவர்கள் அதைத் திருப்பி அனுப்பவும் இல்லை. என்னைத்தான் பார்சல் ஆபீஸுக்கு அனுப்பினார்கள். மூட்டைகளின் கருத்தை யாரும் கேட்பதில்லை என்பதால் நிம்மதியான இடம். கொஞ்ச காலம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். யாருடைய விருப்பம் என்று அதில் கேள்வி இல்லை.

ஆகவே பவித்ரா, மார்க் கம்மியாகிவிட்டது என்று பயப்படாதே. கம்மியாகட்டும். யாரோ உண்மை சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உன் ஸ்டிக்கரை வேண்டாம் என்று சொல்லவில்லை. டீக்கடை ஸ்டிக்கரிலிருந்து ஒரு அடி தள்ளி ஒட்டு, அவ்வளவுதான். ஆனால் சீசன் டிக்கெட்காரனைக் கேள். ஸ்டிக்கரைப் பார்க்கவே நேரமில்லாமல் ஓடுகிறவளைக் கேள். எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேள். மேலே இருந்து விளக்கம் கேட்டால் பார்சல் ஆபீஸ் நல்ல காற்றோட்டமான இடம், நானே உத்தரவாதம். இதை எந்தக் கூட்டத்திலும் எந்த அதிகாரி முன்னாலும் சொல்லத் தயார். ஓய்வூதியக்காரனை எங்கே மாற்றுவார்கள்?

ஓய்வு பெற்ற கையோடு, வேலைக்குப் போட்டுவந்த பேன்ட்டுகளை விரிக்கக் காதர் பாய் கடைக்குப் போனேன். ஒருவருக்கு உயிர் கொடுத்தவன் அவர் எதிரில் எப்படி நிற்பானோ அப்படி நிமிர்ந்து நின்றேன். அந்த வண்டியைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டை, அவரும் கூடவே இருந்தார் என்பதை மறந்து, முதலிலிருந்து சொன்னேன். பாய் அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். போறதுக்கு ட்ரெயினக் காப்பாத்திக் குடுத்தீங்க, அல்லா உங்களுக்குக் குறை வைக்கமாட்டான். மெஷின்லேந்து எறங்குனா தலை சுத்தும், கண்ணு இருட்டும். அந்நேரத்துக்கு ட்ரெயின் ஏது? பஸ்லதான் கம்பியப் புடிச்சிகிட்டு நின்னே வர்றேன். அன்னிக்கு அத்தன பேரு வந்தீங்களே, திரும்பி எப்படி வர்றேனு ஒருத்தரும் கேக்கலியே? சரி, மூச்ச விடுங்க சார். வயித்த இப்படி இழுத்துப் புடிச்சா அளவு தப்பா வருது."